எதிரே ஆள் இருக்கும் எழுத்து

மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியை நெருங்கும் வழியில் இருக்கும் இரும்பை சம்பந்தர் பாடிய தலம். மாகாளேசுவரர் கோயில் லிங்கம் வெடித்ததற்குக் கடுவெளிச் சித்தரின் பாட்டே காரணம் என்று ஊர்க்கதை சொல்கிறது. கதை எப்படியிருந்தாலும், அவர் பெயரில் வழங்கும் பாடல்களின் குரல் கவனிக்கத்தக்கது. மனத்தை எதிரே உட்காரவைத்து, இதைச் செய்யாதே, அதை விட்டுவிடு என்று பேசுகிறது அது. அவற்றில் ஒரு பாட்டில், பத்து மாதம் குயவனைக் கெஞ்சி ஒரு தோண்டி வாங்கிவந்த ஆண்டி, கூத்தாடிக்கூத்தாடி அதைப் போட்டுடைக்கிறான். உடம்பு, பிறவி, வீண் என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லாமல் தத்துவம் முழுவதும் வந்துவிடுகிறது. பேச்சுத் தொனியால் கருத்தின் கனம் குறையும் என்போருக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

உரைநடையிலும் இந்தக் கடலோரத்திலேயே சான்று உண்டு. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் பிரெஞ்சுக்காரர் பெயருக்கு முன்னால் ‘முசே’ வரும், கம்பெனி ‘கும்பினீர்’ ஆகும். கவர்னர் துய்ப்ளே என்ன கேட்டார், தாம் என்ன பதில் சொன்னார் என்று உரையாடலாகவே பக்கங்கள் நகர்கின்றன. அந்த நடை செம்மையானதல்ல. ஆனால் யார் யாரிடம் எதைச் சொன்னார், எங்கே மழுப்பினார் என்பது மறையாமல் கிடைக்கிறது. பாரதியும் புதுவையில் இருந்தபோதுதான், 1912இல், பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் எளிய நடையைக் கேட்டார். காவிய நயம் குறையக் கூடாது என்ற நிபந்தனையையும் உடன் வைத்தார். அந்த நிபந்தனை முக்கியம். பேசுவதை அப்படியே எழுதிவைப்பது பேச்சு நடை ஆகாது. கேட்பவர் எங்கே புருவம் உயர்த்துவார் என்று அறிந்து வாக்கியத்தை அங்கே நிறுத்தும் உழைப்பு அது.

விவாதத்தில் இந்தத் தொனி மரியாதையைக் கெடுக்கும் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. அப்படிச் சொல்வோர் அருட்பா மருட்பாச் சண்டையைப் பார்க்கட்டும். வள்ளலார் பாடல்களை மறுத்து ஆறுமுக நாவலர் தரப்பு வெளியிட்டவை இலக்கணம் வழுவாத உரைநடையில் எழுதப்பட்டவை. வசைக்கு அந்த இலக்கணம் தடையாக நிற்கவில்லை. நேரில் பேசும்போது ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்று தானாக வரும் பணிவுதான் எழுத்தில் முதலில் உதிர்கிறது. எதிராளி வெறும் பெயராகிவிட்ட பிறகு எதையும் எழுதிவிடலாம். முகத்துக்கு நேரே சொல்வதுபோல் எழுதுகிறவர் கடுஞ்சொல் போடுமுன் ஒரு கணம் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தில்தான் காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு பிறக்கிறது.

வட்டாரப் பேச்சு வெளியாருக்குப் புரியாது என்ற இன்னோர் ஆட்சேபத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல் பேச்சில் எழுதிய கி.ராஜநாராயணனைத் தமிழ்நாடு முழுவதும் படித்தது. சொல் புரியாதவர்களுக்காக 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியே தொகுத்துக் கொடுத்தார்.  புரியாமைக்கு அவர் செய்த மருந்து நடையைப் பொதுவாக்குவதல்ல, சொல்லை விளக்குவது. அதுபோலவே, மரக்காணத்து உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவரும் உப்பு வாருகிறவரும் கூலியைப் பற்றியோ மழைக்காலத்து வேலையின்மையைப் பற்றியோ எழுத உட்கார்ந்தால், மனு நடைக்கு மாற வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. பாத்தி வரப்பில் நின்று பேசுகிற வரிசையிலேயே எழுதட்டும்; விளங்காத இடத்தில் படிக்கிறவர் கேட்டுக்கொள்ளலாம்.