வைப், டிசால்வ், கொசுவத்தி

நல்ல எடிட்டிங் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று சினிமாக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கல்யாண வீடியோக்காரர்கள் இந்தப் பாடத்தைப் படிக்கவே இல்லை. தொண்ணூறுகளில் அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ நடந்த ஏதாவது ஒரு கல்யாணத்தின் கேசட்டைப் போட்டுப் பாருங்கள். திரையின் நடுவில் ஒரு இதயம் முளைத்துப் பெரிதாகும், அதற்குள்ளிருந்து மணப்பெண் வருவார். அப்புறம் வைரம், நட்சத்திரம், ஜன்னல் கதவு. பின்னாளில் கம்ப்யூட்டர் வந்ததும் பக்கம் புரளும், ரோஜாப்பூ கொட்டும். நம் இலக்கிய நண்பர்களுக்கு இதெல்லாம் சிரிப்பு. 'கிட்ச்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படி முடிக்க மனசில்லை.

சினிமாவில் ஃபேட், டிசால்வ் எல்லாம் காலத்தைக் காட்டும் குறிகள். திரை இருண்டு மீண்டும் வெளுத்தால் ஒரு ராத்திரியோ பத்து வருஷமோ கடந்துவிட்டது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே நமக்குப் புரிந்தது. சுழன்றால் பிளாஷ்பேக். அதுதான் கொசுவத்திச் சுருளாகி, பழங்கதை பேசுகிற எவரையும் 'கொசுவத்தி சுத்துறான்' என்று இணையத்தில் கலாய்க்கும் சொல்லாகவும் ஆனது. ஒரு எடிட்டிங் உத்தி பேச்சுமொழிக்குள் இவ்வளவு தூரம் இறங்கியது வேறெங்காவது நடந்திருக்கிறதா, சந்தேகம்தான்.

பிலிம் காலத்தில் இந்தக் குறிகளுக்கு விலை இருந்தது. எடிட்டர் வொர்க் பிரின்டில் கிரீஸ் பென்சிலால் சாய்கோடு போட்டு அனுப்புவார். லேபில் ஆப்டிகல் பிரின்டரில் அந்த இடத்தை மறுபடி படமெடுப்பார்கள். பிரதியின் பிரதி என்பதால் அந்தத் துண்டு மட்டும் கொஞ்சம் மங்கும். பழைய படங்களில் டிசால்வ் வருவதற்கு முன்பே திரையில் புள்ளிகள் கூடுவதைக் கவனித்தால் தெரியும். காசும் நாளும் ஆகிற வேலை, ஆகவே யோசித்துத்தான் போட வேண்டும். 1962இல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் லாரன்ஸ் தீக்குச்சியை ஊத, அடுத்த கணம் பாலைவனத்தில் சூரியோதயம் வருமே, அங்கே திரைக்கதைப்படி டிசால்வ்தான் வர வேண்டும். ஆப்டிகல் சேராத வொர்க் பிரின்டில் இரண்டு ஷாட்களும் சும்மா ஒட்டிக்கொண்டு கிடந்தன. அதைப் பார்த்த எடிட்டர் ஆன் கோட்ஸும் டேவிட் லீனும் வெட்டையே வைத்துக்கொண்டார்கள். உலகின் புகழ்பெற்ற வெட்டு, வராமல்போன ஒரு டிசால்வ்.

இன்றைக்கு பிரீமியரில் கன்ட்ரோல்-டி அழுத்தினால் டிசால்வ். என் தொழில் பாஷையில் சொன்னால் அது ஒரு வரி கணக்கு: முதல் படத்தின் எடையை ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கு, இரண்டாவதன் எடையைப் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு ஏற்று, கூட்டு. விலை இல்லாததால் அர்த்தமும் கழன்றுகொண்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் கல்யாண கேசட் இந்த வாதத்துக்குள் அடங்குவதில்லை.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு அண்ணன் அந்தக் காலத்தில் மிக்சிங் போட்டவர். இரண்டு வி.சி.ஆர்., நடுவில் ஒரு பானசோனிக் மிக்சர், மூன்றாவது டெக்கில் பதிவு. அழித்துத் திரும்பச் செய்யும் பேச்சே இல்லை. ஓடுகிற டேப்பில் சரியான நொடியில் லீவரைத் தள்ள வேண்டும். "ஏண்ணே எல்லாத்துக்கும் ஸ்டார் போட்டீங்க?" என்று கேட்டேன். "ரிசப்ஷன்ல கேமராவ ஸ்டாண்டுல போட்டு ஒரே எடத்துல வச்சிருப்போம் தம்பி. கட் பண்ணா மாப்ள பொண்ணு அப்படியே நிக்கும், பக்கத்துல ஆளு மட்டும் டபக்னு மாறும். பேய்ப்படம் மாதிரி ஆயிடும்ல?"

இதைவிடத் துல்லியமான எடிட்டிங் விமர்சனத்தை நான் படித்ததில்லை. 1896இல் பாரிஸ் தெருவில் கேமரா சிக்கி நின்றதால் ஒரு பயணிகள் வண்டி சவ வண்டியாக மாறிவிட்டது என்று மெலியெஸ் கதை சொன்னாரே, அதே பேய்தான் இது. கேமரா அசையவில்லை, நடுவிலிருப்பவர்கள் அசையவில்லை, ஓரத்திலிருப்பவர்கள் மட்டும் மாறுகிறார்கள் என்றால் வெட்டு மாயவித்தையாகிவிடும். அந்த இடத்தில் நட்சத்திரம் ஒரு காற்புள்ளி. ஒரு குடும்பம் முடிந்தது, அடுத்த குடும்பம் வருகிறது என்கிறது. கோச் ஃபேக்டரி மேலதிகாரிக்கும் பட்டாபிராமிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒன்றுவிட்ட சித்திக்கும் அதே நட்சத்திரம், கிட்டத்தட்ட அதே எட்டு நொடி. மொய் நோட்டில் தொகை வேறுபடும், கேசட்டில் வேறுபடாது.

இப்போதைய 'சினிமாட்டிக்' கல்யாணப் படங்களுக்கு வருவோம். நாலு நிமிஷம், டிரோன், ஸ்லோமோஷன், ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவே கருப்புக்கு ஒரு ஃபேட். நளினமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கருப்பு சினிமாவிலிருந்து வந்ததல்ல, சினிமா டிரெய்லரிலிருந்து வந்தது. டிரெய்லரில் கருப்பு 'மிச்சத்தைத் தியேட்டரில் பார்' என்கிறது. இங்கே மிச்சம் எங்கே இருக்கிறது? ஹார்ட் டிஸ்க்கில் பெயரில்லாத ஃபோல்டரில். அந்தக் கருப்புக்குள் போனது சித்தியும் மேலதிகாரியும்தான். மாப்பிள்ளை, பெண், அழகாக ஆடத் தெரிந்த நாலு தோழிகள் மட்டும் மிஞ்சுகிறார்கள். இதைத்தான் நாம் ரசனை வளர்ச்சி என்கிறோம். ஃபேடில் கடந்தது காலம் என்றால் சரி. கடந்தது உறவுக்காரர்கள் என்றால் அந்த எடிட்டிங்கை நான் கேள்வி கேட்பேன்.

அதற்காகப் பழைய கேசட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. மூன்று மணி நேரத்தை உட்கார்ந்து பார்க்க முடியாது என்பது சின்னக் குறை, ஃபார்வர்டு பட்டன் இருக்கிறது. பெரிய குறை ஒலியில் இருக்கிறது. படத்துக்கு இதயமும் நட்சத்திரமும் பார்த்துப் பார்த்துப் போட்டவர்கள், மண்டபத்துச் சத்தத்தை மொத்தமாக எடுத்துவிட்டு சினிமாப் பாட்டை மேலே ஏற்றினார்கள். செத்துப்போன பாட்டி மேடையேறி மாப்பிள்ளையிடம் என்னமோ சொல்கிறார். வாய் அசைகிறது, கேட்பது எஸ்.பி.பி. எந்தப் பாட்டை வேண்டுமானாலும் இன்றைக்கு ஃபோனில் கேட்கலாம். பாட்டி சொன்னது எந்த சர்வரிலும் கிடையாது. கண்ணுக்குத் தெரிகிற எல்லா மாற்றங்களையும்விட இதுதான் கொடூரமான எடிட், இதை யாரும் கிண்டல் செய்வதுகூட இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் கேசட் இருந்தால் பூஞ்சை பிடிப்பதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஹெட்ஃபோன் போட்டு, ஒரு பாட்டு ஃபேட் அவுட் ஆகி அடுத்தது தொடங்குமுன் உள்ள இடைவெளிகளைக் கேளுங்கள். சில மிக்சிங்காரர்கள் அங்கே மட்டும் அசல் ஒலியை விட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு கேசட்டில் நாலு நொடி இருக்கிறது. தவில் எங்கோ தூரத்தில் ஓய்கிறது, ஒரு குழந்தை அழுகிறது, யாரோ ஒரு பெண்குரல் சொல்கிறது: "அந்த லைட்ட கொஞ்சம் திருப்புப்பா, கண்ணு கூசுது."