யாருடைய போன் என்று முதலில் கேளுங்கள்

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் உள்ள ராமநாதபுரத்தில் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் ஊரக சுகாதார மையம் இயங்குகிறது. தொண்டமாநத்தம், பிள்ளையார்குப்பம் போன்ற ஊர்களுக்கு, மருத்துவ மாணவர்கள் தாளும் பேனாவுமாக வீடு வீடாக வந்து கேள்வி கேட்பது புதிதல்ல. பிள்ளைகளின் செல்போன் பழக்கத்தை அறியவும் இந்த வீட்டுவாசல் ஆய்வைவிடச் சிறந்த தொடக்கம் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு ஒருபோதும் வராத பிள்ளையையும் இது கணக்கில் சேர்க்கிறது. தமிழ்நாட்டின் ஊர்ப்புறமொன்றில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 718 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வு, 73 சதவீதத்தினர் அளவுக்கு மீறித் திரை பார்ப்பதாகச் சொன்னது. தாயின் திரை நேரத்துக்கும் பிள்ளையின் திரை நேரத்துக்கும் தொடர்பு இருப்பதையும், அதிகத் திரை நேரத்துடன் பேச்சுத் தாமதம் சேர்ந்து வருவதையும் அதே ஆய்வு காட்டியது. வீட்டுக்குள் போகாமல் இது தெரிந்திருக்காது.

வளரிளம் பருவத்தினரிடம் வரும்போதுதான் முறை தடுமாறுகிறது. இணைய அடிமைத்தனத்தை அளக்க உலகெங்கும் கையாளப்படும் 20 கேள்விகளை அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1998இல் வெளியிட்டார். வேலைக்கு முன் மின்னஞ்சல் பார்க்கிறாயா, துணையுடன் நெருங்கியிருப்பதைவிட இணையம் பிடிக்கிறதா என்றெல்லாம் அதில் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இவை எதற்கு? ஸ்மார்ட்போன் அடிமைத்தனத்தை அளக்க 2013இல் தென்கொரியாவில் உருவான பத்துக் கேள்வி அளவுகோல் இதைவிடப் பொருத்தமானது. பையனுக்கு 31, பெண்ணுக்கு 33 மதிப்பெண்ணைத் தாண்டினால் ஆபத்து என்பது அங்குள்ள பிள்ளைகளை வைத்து வகுத்த எல்லை. அதை மறுபடி சோதிக்காமல் புதுச்சேரியின் பாகூருக்கு நீட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாகூர்ப் பக்கம் பல வீடுகளில் போன் அம்மாவுடையது. அவர் வேலை முடிந்து திரும்பிய பிறகுதான் அது பிள்ளைகள் கைக்கு வரும், அதையும் அண்ணனும் தங்கையும் பங்கிட வேண்டும். பல இரவுகளில் பார்ப்பதை நிறுத்த வைப்பது அன்றைக்கான 1.5 ஜிபி தீர்ந்துபோவதுதான். இந்தப் பிள்ளை வாங்கும் குறைந்த மதிப்பெண்ணைக் கட்டுப்பாடு என்று எழுதிக்கொள்வது பிழை. அம்மா நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, தனக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு இருப்பதை எந்தப் பெண் ஒப்புக்கொள்வாள்?

ஒரே நாளில் எடுத்த கணக்கு காரணத்தையும் காட்டாது. மனம் வாடிய பிள்ளை போனைத் தேடுகிறதா, போன்தான் மனதை வாட்டுகிறதா? ஆய்வாளர்கள் ஆமி ஓர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 2019இல் லட்சக்கணக்கான வளரிளம் பருவத்தினரின் தரவுகளை அலசி, அவர்களுடைய மனநல வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாடு விளக்குவது அதிகபட்சம் 0.4 சதவீதமே என்றார்கள். அந்தச் சராசரிக்குள் மிகவும் நொந்த பிள்ளையும் மறைந்திருக்கலாம் என்பதால் எனக்கு இதில் முழு நிம்மதி இல்லை.

ராமநாதபுரம் போன்ற மையத்துக்கு அதே குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் பழக்கம். ஆறாம் வகுப்பில் கேட்ட பிள்ளையைப் பத்தாம் வகுப்பிலும் தேடிப்போய்க் கேட்க மையத்தாரால் முடியும். பெற்றோர் சம்மதத்துடன், ஆனால் அவர்கள் காதில் விழாத இடத்தில் கேட்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதற்கு முன்னால், போன் யாருடையது, அந்த நேரத்தில் வீட்டில் யார் இருந்தார்கள் என்ற இரண்டு கேள்விகள் வர வேண்டும்.