ஒரு புரதம், இரு காரியம்

சுண்டெலியின் கட்டியைக் கோழிக்கருவில் ஒட்டவைத்தபோது நரம்பிழைகள் அபரிமிதமாகக் கிளைத்த விந்தையை அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ஆராயப் புகுந்த ரீட்டா லெவி-மோன்டால்சினி, பின்னர் ஸ்டான்லி கோஹனின் துணையோடு அதற்குக் காரணமான புரதத்தை இனங்கண்டு, 1986இல் அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நரம்பு வளர்ச்சிக் காரணிகளைப் பற்றிய சாஸ்திரம் அங்கே தொடங்கியது. அந்த ஆதிச் சித்திரத்தில் கொடுப்பது திசு, கொள்வது நரம்பணு. சொற்பமாகக் கிடைக்கும் காரணியைப் பெற்றது பிழைத்தது, பெறாதது மடிந்தது. தன் மின்னியக்கத்தால் அந்த விநியோகத்தையே மாற்றும் அதிகாரம் நரம்பணுவுக்கு உண்டு என்ற எண்ணம் பிற்பாடு வந்தது.

அதற்கு வழி திறந்தது, 1982இல் ஈவ்-அலேன் பார்டும் ஹான்ஸ் தோனெனும் அவர்தம் துணைவரும் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த பி.டி.என்.எஃப். என்னும் புரதம். நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸின் நரம்பணுக்களைக் கிளர்த்தினால் இப்புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ. பெருகுவதை 1990இல் தோனெனின் குழுவினர் காட்டினர். கிளர்ச்சியுற்ற அணுவினுள் கால்சியம் புகுகிறது. அது கருவுக்குள் க்ரெப் போன்ற புரதங்களை உசுப்பி, மரபணுவை வாசிக்கச் செய்கிறது. இந்த மட்டில் பெரிய விவாதம் இல்லை.

விவாதமெல்லாம் உற்பத்திக்குப் பிந்திய அத்தியாயத்தில்தான். மனிதரில் 247 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட வடிவில் பிறக்கும் இப்புரதம், முற்பகுதி வெட்டுண்டு, 119 அமினோ அமிலங்களே கொண்ட முதிர்ந்த வடிவை அடைகிறது. வெட்டி எறியப்படும் பகுதி நெல்லின் உமியைப் போன்றது என்றே நெடுநாள் கருதப்பட்டது. ஆனால், இதே குடும்பத்தைச் சேர்ந்த, லெவி-மோன்டால்சினி கண்ட புரதத்தின் வெட்டுப்படாத வடிவம் பி75 என்ற ஏற்பியைப் பற்றி நரம்பணுவை மரணத்துக்கே இட்டுச் செல்லக்கூடும் என்று பார்பரா ஹெம்ப்ஸ்டெட் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு அந்த நிம்மதியைக் குலைத்தது. பி.டி.என்.எஃப்.பின் முதிர்ந்த வடிவமோ டிர்க்-பி என்ற வேறோர் ஏற்பியைப் பற்றி அணுவைப் போஷித்து, நரம்பணுக்களின் சந்திப்புகளான சினாப்ஸ்களை வலுப்படுத்துகிறது.

ஆக, கத்தி எப்போது, எங்கே விழுகிறது என்பதே பிரதான வினாவாயிற்று. டி.பி.ஏ. என்ற நொதி—பக்கவாத நோயாளியின் மூளைக் குழாயில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்க வைத்தியர்கள் ஏற்றும் அதே மருந்துதான்—பிளாஸ்மின் என்ற மற்றொரு நொதியைத் தோற்றுவித்து, அணுவுக்கு வெளியே இப்புரதத்தை வெட்டச் செய்கிறது என்றும், நீடித்த சினாப்ஸ் வலுவுக்கு அவ்வெட்டு அவசியம் என்றும் பை லூவின் குழுவினர் 2004இல் நிறுவினர். மந்தமான தூண்டுதலில் வெட்டுப்படாத வடிவமே வெளியில் தங்குகிறது, அதிவேகத் தூண்டுதலிலோ டி.பி.ஏ.யும் உடன் சுரந்து முதிர்ந்த வடிவம் மிகுகிறது என்று 2009இல் அவர்கள் மேலும் கூறினர். துடிப்பின் தாளமே புரதத்தின் குணத்தை நிர்ணயிக்கிறது என்னும் இந்தக் கருத்தின் வசீகரத்தை மறுப்பதற்கில்லை.

எனினும் பார்டின் குழுவினர் 2008இலேயே ஆட்சேபம் எழுப்பியிருந்தனர்: நரம்பணு தானே இயல்பாய்ச் செய்யும் புரதத்தை அளந்தால், வெட்டு அணுவுக்குள்ளேயே விரைந்து முடிந்துவிடுகிறது, சேமிக்கப்படுவதும் சுரப்பதும் முதிர்ந்த வடிவமே என்பது அவர்கள் வாதம். மறுவருஷமே ஹெம்ப்ஸ்டெட் தரப்பு, வெட்டுப்படாத வடிவமும் சுரக்கிறது, பிறப்பை ஒட்டிய பருவத்தில் அது மிகுதி என்று பதிலளித்தது. மரபணுவைச் செயற்கையாய் மிகைப்படுத்திய அணுக்களில் கண்டதை இயற்கை மூளைக்கு ஏற்றிச் சொல்லும் அவசரமும், பிராணியின் வயதைக் கணக்கில் கொள்ளாமையும் இந்தப் பிணக்கில் பாதியை விளைவித்தன என்பது என் அபிப்பிராயம்.

உமியென எண்ணிய அந்த முற்பகுதியின் மகத்துவத்தை மனிதரிடமே காட்டியது 2003ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு. அதன் 66ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டிய ஸ்தானத்தில் மெத்தியோனின் அமைந்தவர்கள் பலர். அவர்களின் முதிர்ந்த புரதத்தில் எவ்விதக் குறையும் இல்லை. ஆனால் அதை உரிய பைகளில் சேர்ப்பது தடுமாறுகிறது. தூண்டுதல் இல்லாதபோது கசியும் அளவு மாறுவதில்லை, தூண்டும்போது சுரப்பது மட்டும் குறைகிறது. அத்தகையோர் அனுபவ நினைவுச் சோதனைகளிலும் சற்றுப் பின்தங்கினர்.