திருக்கோணமலைக் கடலும் இயற்கை நூல்களும்

இயற்கையை விளக்கும் நூலின் தரத்தை அளந்தறிய எளியதோர் உரைகல் உண்டு. நூலை மூடிய பின்னர் வாசகன் தன் ஊரின் மரத்தையும் மீனையும் முன்னினும் கூர்ந்து நோக்குவானாயின், அது நன்னூலே. ஆழ்கடற் பள்ளம் கரையை அணுகிக் கிடப்பதும், நீலத் திமிங்கிலம் வந்துலவுவதுமான திருக்கோணமலையை மனத்திற்கொண்டு, இவ்வுரைகல்லிற் சில நூல்களை உரைத்துப் பார்த்தல் தகும்.

1660இல் கொட்டியாரக் குடாவிற் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் தப்பிச் சென்று, 1681இல் இலங்கை பற்றிய தம் நூலை வெளியிட்டார். தாளிப்பனை, யானை, எறும்பு, அட்டை ஆகியவற்றை அவர் கண்டவாறே எழுதினார். எனினும், அவர் வாழ்ந்து கண்டது மலைநாடு. கொட்டியாரக் கடல் அவருக்குச் சிறைவாயிலாக மட்டுமே அமைந்தது.

குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் ரெனன்ற் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூல் இன்னும் ஒரு படி மேலானது. மட்டக்களப்பு வாவியில் எழும் இன்னோசையை ஆராய அவர் மீனவரோடு நிலவிற் படகேறிச் சென்றார். படகின் மரத்திற் செவிவைத்துக் கேட்டார். ஊரியே அவ்வாறு ஒலிக்கின்றது என மீனவர் கூறியதையும், அதற்கு அவர்கள் வழங்கிய தமிழ்ப் பெயரையும் ஏட்டிற் பதித்தார். மீனவர் கூற்றை எள்ளாது, சான்றெனக் கொண்டு சோதிக்கப் புகுந்தமையே இந்நூலின் உயிர்நிலை.

ஆதர் சி. கிளாக் 1957இல் எழுதிய இலங்கைப் பவளப்பாறைகள் பற்றிய நூல், திருக்கோணமலைக் கடலடியையும் சுவாமிமலையின் கீழ்க் கிடக்கும் ஆலயச் சிதைவுகளையும் உலகறியச் செய்தது. ஆயினும், அதில் மேலோங்கி நிற்பது மூழ்குவோனின் சாகசமே. மேலும், இம்மூன்றும் ஆங்கில நூல்கள்.

தமிழின் நிலை யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன், கலைச்சொல் ஆக்கத்திற்குப் பெருவழி வகுத்தார். அப்பணி போற்றற்குரியது. ஆனால் கலைச்சொல் வேறு, காட்சி வேறு. வரைவிலக்கணத்தில் தொடங்கி அயல்நாட்டு உதாரணத்தில் முடியும் நூல், தேர்வுக்கு உதவுமேயன்றிக் கண்ணைத் திறவாது. இக்குறையின்றி, தாம் கண்ட பறவையையும் விலங்கையும் இனிய தமிழில் எழுதியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). அவருடைய 'மழைக்காலமும் குயிலோசையும்' மாணாக்கர் கையில் இருத்தல் வேண்டும்.

எனினும், தமிழகத்து நூல் மட்டும் நமக்குப் போதாது. சென்னையில் வஞ்சிரம் எனப்படுவது இங்கே அறுக்குளா. கச்சானும் சோளகமும் வாடையும் வீசும் காலங்களையும், அவற்றோடு வரும் மீனினங்களையும் நன்கறிந்தோர் இக்கரை மீனவரே. அவர்தம் அறிவு நாவிலே வாழ்கின்றது. எழுதப்படாதாயின் தலைமுறையோடு மறையும். அதேவேளை, ஒரே பெயர் பல இனங்களைக் குறித்தலும், குட்டிக்குப் பாலூட்டும் திமிங்கிலத்தை மீனென்று எண்ணுதலும் மக்கள் வழக்கில் உண்டு. ஆகவே, ஊர்ப்பெயரை முதலில் வைத்து, அறிவியற் பெயரை அதனோடு இணைத்து, வழக்கிலுள்ள பிழையைப் பணிவோடு திருத்தும் நூலே இன்று வேண்டப்படுவது. ரெனன்ற் படகேறிச் சென்று செய்ததைத் தமிழறிந்தோர் தம் மொழியிற் செய்தல் அரிதன்று. காலந் தாழ்த்துவதே தகாதது.