புளிப்பு பிரித்துத் தரும் ஓடு

இறால் ஓட்டில் சுண்ணாம்பும் புரதமும் கைட்டின் என்ற நார்ப்பொருளும் பின்னிக் கிடக்கின்றன. 1811இல் பிரெஞ்சு அறிஞர் பிராகோனோ காளானில் கண்டறிந்த அதே கைட்டின்தான். ஆலைகள் ஓட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, சூடான காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அதைப் பிரிக்கின்றன. புரதமோ காரநீரோடு வீணாகிறது. லாக்டிக் அமில பாக்டீரியாவின் அழகு எனக்குப் புலப்படுவது இங்கேதான். அரைத்த ஓட்டில் சர்க்கரையோ கரும்பாலைக் கழிவுப்பாகோ கலந்து மூடிவைத்தால், இட்லி மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களின் உறவினங்கள் அமிலம் சுரந்து சுண்ணாம்பைக் கரைக்கின்றன, அழுகலையும் அண்டவிடுவதில்லை. இறால் தலையோடு வரும் செரிமான நொதிகள் புரதத்தைச் சிதைக்கின்றன. வடியும் நீர் கால்நடைத் தீவனத்துக்கு ஆகும். அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமியையும் மீட்கலாம்.

மணிக்கணக்கில் முடியும் வேலைக்கு நாட்கணக்கில் காத்திருப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. புளிப்பு மட்டும் ஓட்டை முழுதாகத் தூய்மையாக்குவதில்லை என்பதும் உண்மை. மருத்துவத் தரம் வேண்டுமானால் கடைசியில் கொஞ்சம் அமிலமும் காரமும் தேவை. ஆனால் அந்தக் கொஞ்சம், பழைய முறை கேட்கும் அளவைவிட எவ்வளவோ குறைவு. அதோடு, வலிய அமிலம் கைட்டினின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியையே அறுத்துவிடுகிறது. மெல்லிய புளிப்பு அதை அவ்வளவாகத் தீண்டுவதில்லை. கைட்டினிலிருந்து காயக்கட்டுக்கான கைட்டோசானைச் செய்பவர்கள் தேடுவது பெரும்பாலும் அந்த நீளத்தைத்தான்.