பக்கத்து எழுவாய்

லாரித் தொழிலை நம்பிப் பிழைக்கிற சங்ககிரியில் ஆங்கில இலக்கணத்துக்கும் லாரிதான் உதாரணம். ‘டிரைவரோ கிளீனர்களோ’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியத்தைப் போட்டு, வினை ஒருமையா பன்மையா என்று கேட்டால், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் யோசிக்காமல் பன்மை என்பார்கள். ‘ஐதர்–ஆர்’, ‘நீதர்–நார்’ வந்தால் வினைக்குப் பக்கத்து எழுவாயைப் பார்; சூத்திரம் அவ்வளவுதான். (பாவம், அந்த வாக்கியத்தில் ‘அல்லது’ என்பதும் ‘ஆர்’, பன்மை வினையும் ‘ஆர்’. நம் உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுதான்.)

சூத்திரம் பொய்யில்லை. குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் 200 கேள்விக்கு 3 மணி நேரம். அதில் 100 பொதுத் தமிழோ பொது ஆங்கிலமோ. அந்த அவசரத்தில் இது கைகொடுக்கிறது.

சிக்கல் அடுத்த கேள்வியில் வருகிறது. ‘ஆஸ் வெல் ஆஸ்’ வந்தால் வினை முதல் பெயரோடு போக வேண்டும். பக்கத்தைப் பார்த்தே பழகிய கண் அங்கே தவறுகிறது. எது எதோடு இணைகிறது என்று பார்க்க யாரும் பழக்கவில்லையே!

‘நாட் ஒன்லி’ இன்னும் மோசம். இரும்போடு சிமெண்டும் ஏற்றினான் என்று சொல்ல வந்தவர், அதை ‘லோடட்’ என்ற வினைக்கு முன்னால் வைத்துவிடுகிறார். ஏற்றியதோடு வேறென்ன செய்தான் என்று கேட்பவர் காத்திருக்கிறார். இதே ஆள் தமிழில் இப்படித் தடுமாற மாட்டார். ‘இரும்பை மட்டுமல்ல’ வேறு, ‘ஏற்றியது மட்டுமல்ல’ வேறு என்பது அவருக்குத் தெரியும். நம் ‘ஓ’வும் ‘உம்’மும் இணைக்கும் சொல்லோடு ஒட்டிக்கொள்பவை, இடம் மாறினால் காதே சொல்லிவிடும். அங்கிருந்து தொடங்கியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

எழுவாய்க்கேற்ப வினை மாறும் இந்த இயைபு நமக்குப் புதிதல்ல. திணை, பால், எண், இடம் பற்றித் தொல்காப்பியத்தின் கிளவியாக்கமே பேசுகிறது. ஆனால் ‘டிரைவரும் வரவில்லை, கிளீனர்களும் வரவில்லை’ என்னும்போது ‘வரவில்லை’ யாருக்காகவும் மாறுவதில்லை. அதனால்தான் ‘நீதர்–நார்’ நமக்கு இவ்வளவு அந்நியம். இதையும் வகுப்பில் சொல்வதில்லை.

‘நானோ நீயோ போக வேண்டும்’ என்று இருவருக்கும் பொருந்தும் வினையைப் போட்டுத் தமிழில் நழுவுகிறோம். ஆங்கிலத்திலும் ‘மஸ்ட்’ போட்டால் ஒருமை, பன்மைத் தொல்லை இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் அப்படித்தான் நழுவுகிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பியே பழகியவருக்கு, வாக்கியத்தையே மாற்றலாம் என்பது தோன்றுவதில்லை.