நட்சத்திரம் இல்லாத கேள்விகள்

சட்டமன்ற உறுப்பினர் எழுத்தில் கேட்க, அமைச்சர் எழுத்தில் பதில் தரும் கேள்விக்கு நட்சத்திரக் குறியில்லாத கேள்வி என்று பெயர். அவையில் எழுந்து நின்று அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வியென்றால் அதன் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும். எழுத்துப் பதில் போதுமென்றால் அது இருக்காது. கர்நாடகச் சட்டமன்றம் கூடும் பெங்களூரு விதான சௌதாவில் முன்னதை ‘சுக்கெ குருதின பிரஷ்னெ’ என்றும் பின்னதை ‘சுக்கெ குருதில்லத பிரஷ்னெ’ என்றும் சொல்வார்கள். அரசு அலுவலகங்களில் வழங்கும் பெயர் இன்னும் சுருக்கம். 224 பேர் கொண்ட சட்டப்பேரவையிலிருந்து வந்தால் எல்.ஏ.க்யூ., 75 பேர் கொண்ட மேலவையிலிருந்து வந்தால் எல்.சி.க்யூ.

பத்திரிகைகள் கவனிப்பது நட்சத்திரக் கேள்விகளைத்தான். அங்கே குரல் உயரும், துணைக் கேள்வி பாயும், அமைச்சர் தடுமாறுவதும் உண்டு. ஆனால் கைத்திறன் என்று பார்க்கப் போனால் நட்சத்திரம் இல்லாதவற்றில்தான் அது கூடுதலாகத் தெரிகிறது. இங்கே துணைக் கேள்வி கிடையாது. பதில் வந்தபின் ‘நான் கேட்டது இதுவல்ல’ என்று மடக்க வழியில்லை. நழுவக்கூடிய சந்துகளையெல்லாம் கேட்பவர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, கேள்வியை எழுதும்போதே அடைத்துவிட வேண்டும்.

கர்நாடகத்தின் பதில் தாள் பார்வைக்கு எளிமையானது. மேலே கேள்வி எண், உறுப்பினரின் பெயர், பதில் தர வேண்டிய தேதி, பதிலளிக்கும் அமைச்சர். கீழே ஓர் அட்டவணை: இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். கேள்வி அ, ஆ, இ, ஈ என்று படியிறங்கும். அடியில் கோப்பு எண்ணும் அமைச்சரின் கையொப்பமும் இருக்கும். இரண்டு பத்திகளும் எதிரெதிரே நிற்பதுதான் இந்த வடிவத்தின் சிறப்பு. இடப்பக்கம் நான்கு படிகள் இருக்க, வலப்பக்கம் நான்கையும் சேர்த்து ஒரே பத்தியாக எழுதியிருந்தால், எந்தப் படிக்குப் பதில் இல்லை என்று தேடத் தொடங்கலாம். பழகிய வாசகர் பதிலைப் படிக்கும் முன் தாளின் அமைப்பைப் பார்த்தே பாதி விஷயத்தை ஊகித்துவிடுவார்.

இந்த உரிமை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1721இல் பிரபுக்கள் அவையில் கௌப்பர் பிரபு, சவுத் சீ கம்பெனியின் காசாளர் தப்பியோடிப் பிடிபட்டதாக வந்த செய்தி உண்மையா என்று அரசைக் கேட்டதே பதிவான முதல் கேள்வி. இந்தியாவில் 1892ஆம் ஆண்டுச் சட்டம் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் பிங்கா மன்னர் கேட்ட முதல் கேள்வி இன்றும் புதிதாகவே இருக்கிறது: சுற்றுப்பயணம் போகும் அதிகாரிகளின் முகாமுக்குச் சாமான் கொடுக்கும் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் கஷ்டத்தைப் பற்றியது அது. மைசூர் சமஸ்தானத்தில் 1881இலேயே பிரஜா பிரதிநிதி சபை கூடிவிட்டது. அதைத் தொடங்கிய திவான் ரங்காசார்லு செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர். தசரா காலத்தில் கூடிய அந்தச் சபையில் திவான் அறிக்கை வாசிப்பார், உறுப்பினர்கள் தத்தம் பகுதியின் குறைகளைச் சொல்வார்கள். முறையான கேள்வியாக அது முதிர்ந்திருக்கவில்லை. என்றாலும் ஊர்க் குறையை அரசின் முன் வைத்துப் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் மைசூரில் அப்போதே வேர்விட்டது.

கேள்விக்கு விதிகள் உண்டு. மக்களவை விதிப்படி கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. அதில் வாதம், ஊகம், கிண்டல், பழிச்சொல், அடைமொழி எதுவும் இருக்கக் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது, ‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்’ என்று கற்பனையாகவும் கேட்கக் கூடாது. இவ்வளவையும் கழித்தபின் மிஞ்சுவது பெயர்ச்சொல், எண், தேதி, இடம் மட்டுமே. கோபத்தோடு வரும் உறுப்பினர் அந்தக் கோபத்தை முழுவதும் இவற்றுக்குள் அடக்கியாக வேண்டும். நல்ல கேள்விகளைத் திரும்பத் திரும்பப் படிக்க வைப்பது இந்த அடக்கம்தான்.

கன்னடக் கேள்வியின் வழக்கமான நடை ஒன்று உண்டு. ‘சர்க்காரத கமனக்கெ பந்திதெயே’, அதாவது அரசின் கவனத்துக்கு வந்திருக்கிறதா என்று (அ) தொடங்கும். ‘பந்தித்தல்லி’, வந்திருந்தால் எடுத்த நடவடிக்கை என்ன என்று (ஆ) தொடரும். ‘விவர நீடுவுது’, விவரம் தருக என்று முடியும். இந்த வாய்பாட்டோடு மட்டும் நின்றுவிடும் கேள்விக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெறும் சம்பிரதாயப் பதில்தான்.

பெல்லந்தூர் ஏரியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பற்றி எரிந்த ஏரி அது. ‘ஏரி மாசடைந்திருப்பது அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா, நடவடிக்கை என்ன’ என்று கேட்டால், ‘வந்துள்ளது, நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்ற பதில் தயாராக இருக்கும். கேட்கத் தெரிந்தவர் வேறு மாதிரி எழுதுவார். ஏரிக்குள் எத்தனை எம்.எல்.டி. (நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர்) கழிவுநீர் வருகிறது? அதில் சுத்திகரிக்கப்பட்டது எவ்வளவு? ஏரிக்கு மேலே உள்ள சுத்திகரிப்பு நிலையம் ஒவ்வொன்றின் திறன் என்ன? கடந்த மூன்று ஆண்டுகளில் மாதவாரியாக அது உண்மையில் சுத்திகரித்த அளவு என்ன? இங்கே ‘நடவடிக்கை’ என்ற சொல்லே இல்லை. ஆனால் திறனுக்கும் ஓட்டத்துக்கும் உள்ள இடைவெளி தானாகவே பதிலில் வந்து நின்றுவிடும்.

யாரைக் கேட்பது என்பதும் திறமையில் சேர்ந்ததுதான். பெங்களூரு ஏரி ஒன்றின் மேல் பல துறைகளுக்குக் கை இருக்கிறது. வளர்ச்சி ஆணையமும் குடிநீர் வாரியமும் நகர வளர்ச்சித் துறையின் கீழ் வருகின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சூழலியல் துறையோடு சேர்ந்தது. ஆக்கிரமிப்பு வருவாய்த் துறையின் விவகாரம். ராஜகாலுவெ எனப்படும் பெருங்கால்வாய்கள் 2025 வரை மாநகராட்சியின் பொறுப்பாக இருந்தன. தவறான அமைச்சருக்குப் போன கேள்வி ‘இத்துறைக்குச் சம்பந்தப்பட்டதல்ல’ என்று திரும்பிவிடும், அதற்குள் கூட்டத்தொடரும் முடிந்திருக்கும். அதனால் தேர்ந்த உறுப்பினர் ஒரே பொருளைத் துண்டுகளாக்கி, அந்தந்த எண்ணை வைத்திருக்கும் துறைக்குத் தனித்தனியாக அனுப்புவார்.

இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது இந்தக் கலையின் மிகச் சிக்கனமான உத்தி. பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரைக் கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் கே.சி. வேலி திட்டம் 2018இல் ஓடத் தொடங்கியது. திட்டத்தின் அளவு 440 எம்.எல்.டி., அதாவது நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். கோலாரின் உறுப்பினர் ஒருவர் இதைப் பற்றி எழுத வேண்டியது ஒரே வரிதான்: நிர்ணயித்த அளவு என்ன, வந்து சேர்ந்த அளவு என்ன, மாதவாரியாக. வேறு சொல் எதுவும் தேவையில்லை.

எதிர்ப்பக்கம் பதில் எழுதுபவரின் திறமையையும் மதிக்கத்தான் வேண்டும். கேள்வி சட்டமன்றச் செயலகத்தில் ஏற்கப்பட்டு, விதான சௌதாவிலோ விகாச சௌதாவிலோ எம்.எஸ். பில்டிங்கிலோ இருக்கும் துறைக்குப் போகிறது. அங்கிருந்து இயக்குநரகம், மாவட்ட ஆட்சியர், தாசில்தார் என்று இறங்கி, எண்களைச் சுமந்துகொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. பதில் தேதி நெருங்கும்போது அலுவலகத்தில் மற்றக் கோப்புகளெல்லாம் ஒதுங்கி எல்.ஏ.க்யூ.வுக்கு வழிவிடும். அவையில் வைக்கும் பதில் பொய்யாக இருந்தால் அது உரிமை மீறல் பிரச்சினையாகிவிடும். அதனால் வரைவு எழுதும் அதிகாரி எழுதும் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்க வேண்டும், அதே சமயம் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. ‘உத்பவிசுவுதில்ல’ (எழவில்லை) என்று ஒரே சொல்லில் முடியும் பதிலும், ‘அனுபந்தத்தில் தரப்பட்டுள்ளது’ என்று பல பக்கம் விரியும் பதிலும் அதே மேசையில் பிறந்தவைதான்.

பதிலைப் படிப்பதில் உள்ள ருசிக்கு 2020 செப்டம்பர் நல்ல சான்று. பெருந்தொற்றைக் காரணம் காட்டி நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தை ரத்து செய்திருந்தார்கள். எழுத்துக் கேள்விகள் மட்டுமே மிஞ்சின. பொதுமுடக்கத்தில் சொந்த ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குத் தொழிலாளர் அமைச்சகம் செப்டம்பர் 14 அன்று, அப்படிப்பட்ட தரவு வைத்திருக்கவில்லை என்று பதில் தந்தது. தரவு இல்லாததால் இழப்பீடு பற்றிய கேள்வியும் எழவில்லை. அதே வாரத்தில் மாநிலங்களவையில் டெரிக் ஓ பிரையன் கேட்ட கேள்விக்கு ரயில்வே அமைச்சகம் எண்ணைத் தந்தது: செப்டம்பர் 9 வரை ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் இறந்தவர்கள் 97 பேர். துயரம் ஒன்றுதான். ரயில் பெட்டிக்குள் ஓர் உடல் இருந்தால் அதற்கு ரயில்வேயில் பதிவு இருந்தாக வேண்டும். அந்தப் பதிவு இருக்கும் கதவைத் தட்டியதில்தான் இரண்டாவது கேள்வியின் மேன்மை.

மறு ஆண்டு ஜூலை 20 அன்று வந்த சுகாதார அமைச்சகத்தின் பதிலும் அலசிப் பார்க்கத் தக்கது. ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்றது அது. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் அந்த மே 2 இரவுக்கும் மறுநாளுக்கும் இடையே இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் குழுவும் அமைத்திருந்தது. அமைச்சகத்தின் பதில் மரணங்களைப் பற்றிப் பேசவில்லை, மாநிலங்கள் அனுப்பிய அறிக்கைகளைப் பற்றிப் பேசியது. எழுதியவரின் நோக்கில் அது பிழையற்ற வாக்கியம். உறவை இழந்தவர்களின் நோக்கில் அது பதிலே இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் அடுத்த கேள்வி மாநில அரசிடம், பெங்களூரில் கேட்கப்பட வேண்டியது: மத்திய அரசுக்கு என்ன தேதியில் என்ன எழுதி அனுப்பினீர்கள்? நகல் எங்கே?

அரைகுறைப் பதில் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதைத் தமிழர்கள் ஒரு தமிழ் அமைச்சரின் கதையிலிருந்து அறிவார்கள். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை வாங்கியதைப் பற்றி 1957 செப்டம்பரில் ராம் சுபக் சிங் மக்களவையில் கேட்டார். முதலில் வந்த பதில்கள் முழுக் கதையைச் சொல்லவில்லை. டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி விவரங்களோடு எழுந்தார். நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். இவ்வளவுக்கும் தொடக்கம் அச்சடித்த ஒரு கேள்வித்தாள்.

இவ்வளவு வலிமை இருப்பதால் இதை விலைபேசியவர்களும் உண்டு. 1951இல் நாடாளுமன்ற உறுப்பினர் எச்.ஜி. முட்கல் மீதான நடவடிக்கையும், பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்க முன்வந்ததற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் நீக்கப்பட்டதும் அந்த வரிசையில் வருகின்றன.

பெங்களூரில் இந்தத் தாள்களின் மதிப்பு அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது. மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லாமலே ஆண்டுகள் கடந்து, 2025இல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்து கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்தது. கவுன்சிலர் கேட்டிருக்க வேண்டிய குழி, குப்பை, தெருவிளக்கு எல்லாம் சட்டப்பேரவைக் கேள்விகளாக வந்து சேர்ந்தன. அவற்றின் அனுபந்தங்களில் வார்டுவாரியாக, சாலைவாரியாக, ஒப்பந்தக்காரர்வாரியாகக் கிடக்கும் அட்டவணைகளை வைத்தே இந்த ஆண்டுகளின் நகர வரலாற்றை எழுதலாம். பதிலின் முகப்புப் பக்கத்தைவிட அனுபந்தமே நேர்மையானது. முகப்பு வரிகளைத் தலைமைச் செயலகத்தில் செதுக்குவார்கள். பின்னால் இணைத்திருக்கும் பட்டியல் கள அலுவலகத்திலிருந்து வந்தபடியே பெரும்பாலும் இருக்கும்.

பதிலோடு கேள்வியின் ஆயுள் முடிவதில்லை. ‘தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்’ என்ற பதிலை நாடாளுமன்றம் வாக்குறுதியாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறியதா என்று பார்க்க மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. கர்நாடக அவைகளிலும் ‘பரவசெகள சமிதி’ உண்டு. கைதேர்ந்த உறுப்பினர் பழைய பதில்களைத் தேதியோடு கோத்து வைத்திருப்பார். பெங்களூரிலோ, குளிர்காலக் கூட்டத்தொடர் பெலகாவியில் நடந்தால் அங்கேயோ, அவருடைய அடுத்த கேள்வியின் (அ) பிரிவு முந்தைய கேள்வியின் எண்ணையும் பதில் தேதியையும் குறிப்பிட்டு, அன்று தருவதாகச் சொன்ன தகவல் திரட்டப்பட்டுவிட்டதா என்று கேட்கும். ஆம் என்றால் நகலைத் தர வேண்டும் என்று (ஆ) கேட்கும். இல்லையென்றால் எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று (இ) கேட்கும்.